லம்பரேனே வைத்தியர் அல்பர்ட் ஷ்வைட்ஸர்

பெரியோர் சரிதங்களைப் படிக்கும்போது அவர்கள் எவற்றைத் துறந்தார்கள் என்று கணக்கிட்டு வியப்பது நம்மவர் வழக்கம். டாக்டர் அல்பர்ட் ஷ்வைட்ஸரைப்பற்றி எழுதுவோரும் இவ்வழக்கத்துக்கு விலக்கல்லர். சர்வகலாசாலையிற் போதிக்கும் பதவியைத் துறந்தார், ஆர்கன் வாத்தியத்திற் பெற்ற புகழைத் துறந்தார், ஐரோப்பிய நகர வாழ்வைத் துறந்தார் என அடுக்கிக்கொண்டு போவர். இவற்றுட் பாதியே உண்மை; ஆர்கனை அவர் ஒருநாளும் விட்டாரில்லை. துறந்த கதையைக் காட்டிலும், முப்பது வயதுக்குமேல் மாணாக்கரோடு மாணாக்கராய் அமர்ந்து அவர் ஒரு தொழிலைக் கற்ற கதையே கலாசாலை வாசகர்க்கு அதிகம் பயன்படும் எனக் கருதி, அதனை இங்குச் சற்று விரித்தெழுதத் துணிந்தோம்.

1875-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி அல்ஸாஸ் நாட்டிலுள்ள கைஸர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் இவர் பிறந்தார். அல்ஸாஸ், பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்த நாடு. அவர் பிறந்தபோது அது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. வாசகர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னாளில் அவருக்கு நேர்ந்த பெருந்துன்பத்துக்கு இதுவே காரணமாயிற்று. தந்தையார் குன்ஸ்பாக் கிராமத்துச் சபைப் போதகர். பக்கத்து நகரமாகிய கோல்மாரிலே, பார்த்தோல்தி என்னும் சிற்பி ஒரு கடற்படைத் தலைவர்க்கு அமைத்த ஞாபகச் சின்னம் ஒன்று இருந்தது. அதன் அடியில், துயரந்தோய்ந்த முகத்தோடு கூடிய ஓர் ஆப்பிரிக்கனுடைய கல்லுருவம். கோல்மாருக்குச் செல்லும்போதெல்லாம் சிறுவன் அல்பர்ட் அவ்வுருவத்தைப் போய்ப் பார்த்து நிற்பது வழக்கம். 1940-இல் அச்சின்னத்தை நாஜிகள் அழித்துவிட்டனர்.

வாலிப வயதில் அவர் அடைந்த தேர்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்வோம். ஸ்ட்ராஸ்பர்க் சர்வகலாசாலையில் தத்துவசாஸ்திரமும் வேதசாஸ்திரமும் பயின்று, 1899-இல் காண்ட் என்னும் தத்துவ ஞானியைப்பற்றிய ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். பாரிஸில் விடோர் என்னும் பெரிய வித்வானிடம் ஆர்கன் கற்றார். பாஹ் என்னும் சங்கீத மேதையைப்பற்றி அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல் 1905-இலும், இயேசுவின் சரித்திர ஆராய்ச்சிகளைப்பற்றிய நூல் 1906-இலும் வெளிவந்தன. இவற்றுள் யாதேனும் ஒன்றே ஒருவர்க்கு வாழ்நாட்புகழ் தரப் போதியதாகும்.

ஆயினும் 1896-ஆம் ஆண்டுப் பெந்தெகொஸ்தே விடுமுறையிலேயே, இருபத்தொரு வயதில், அவர் தம்முள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது. அதன்பின் மனிதர்க்கு நேரே கைகொடுக்கும் ஏதேனும் ஒரு பணியில் இறங்குவது. எப்பணி என்பது அப்போது அவருக்கே தெரியாது. அநாதைப் பிள்ளைகளைத் தம்மோடு வைத்து வளர்க்க முயன்றார்; அதற்குரிய சங்கத்தார் இடங்கொடுக்கவில்லை. சிறை நீங்கி வந்தோர்க்கும் வீடற்று அலைந்தோர்க்கும் உதவிபுரிந்து பார்த்தார். 1904-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், மேசைமேற் கிடந்த பாரிஸ் மிஷன் சங்கத்துப் பத்திரிகையைப் புரட்டும்போது, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த காபோன் நாட்டில் ஊழியர் போதாமையைப்பற்றிய கட்டுரை அவர் கண்ணிற் பட்டது. ஐசுவரியவானும் லாசருவும் என்னும் உவமை அவர் மனத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது. வைத்திய அறிவு என்னும் செல்வத்தை வைத்துக்கொண்டு வாழும் ஐரோப்பியரே அந்த ஐசுவரியவான் என்றும், வாசலிற் கிடக்கும் ஆப்பிரிக்கரே லாசரு என்றும் அவர் கருதினார். வாயினாற் போதிக்கும் தொழிலைப் பல்லாண்டு செய்தாயிற்று; இனி வாய்பேசாது கைகளாற் செய்யத்தக்க தொழில் வேண்டும் என்பதே வைத்தியத்தை அவர் தேர்ந்ததன் காரணம்.

1905-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி பாரிஸ் நகரத்துத் தபாற்பெட்டியொன்றில், பெற்றோர்க்கும் நெருங்கிய நண்பர்க்கும் தம் முடிவை அறிவிக்கும் கடிதங்களைப் போட்டார். எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. கற்ற கல்வியெல்லாம் காட்டில் எரித்த நிலவாகும் என்றே சுற்றத்தார் எண்ணினர்.

கற்கச் சென்ற இடத்திலும் தடை. சர்வகலாசாலையில் ஆசிரியராயிருப்பவர் அங்கேயே மாணாக்கராகப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. வைத்தியப் பேராசிரியர்கள் தம் சகாவாகிய அவரிடம் கட்டணம் பெறாது பாடங்கேட்க இசைந்தனர். அவர் வந்து கேட்டார் என அவர்கள் எழுதித்தருவதைக் கொண்டு பரீக்ஷைக்கு அனுமதிப்பதாக அரசாங்கமும் ஒப்பியது. இளைஞர்போல் மனப்பாடம் செய்யும் வலிமை முப்பது வயதில் இல்லை என்பதைச் சீக்கிரத்திற் கண்டார். தொடக்கத்தில் ஆராய்ச்சி மனப்பான்மையோடு நூல்களை ஆழ்ந்து படித்து, பரீக்ஷைக்கு வேண்டுவதைப் படியாது காலங்கழித்தவர், ஈற்றில் நண்பர் வற்புறுத்தலால், வினாக்களை எதிர்பார்த்து உருப்போடும் மாணாக்கர் கூட்டமொன்றில் தாமும் சேர்ந்தார்! தத்துவசாஸ்திரப் பட்டதாரியும் வேதசாஸ்திர நூலாசிரியருமான ஒருவர் இவ்வாறு உருப்போட்டார் என்பது நம் மாணாக்க நண்பர்க்கு ஓரளவு ஆறுதல் தரும். இவ்வளவுக்கும் இடையே ஞாயிறுதோறும் பிரசங்கம், சர்வகலாசாலைச் சொற்பொழிவு, கச்சேரிகளுக்காகப் பாரிஸ் பிரயாணம், பாஹ் நூலை ஜெர்மன் மொழியில் விரித்தெழுதும் வேலை ஆகிய யாவும் நடந்தன. சோர்வு அவரை விட்டு நீங்கியதே இல்லை. 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் கடைசிப் பரீக்ஷை முடிந்தது. அதற்குரிய கட்டணத்தை ம்யூனிக் நகரச் சங்கீத விழாவில் ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார். பின்னர் ஆஸ்பத்திரிப் பயிற்சியும், பாரிஸில் உஷ்ணமண்டல நோய்களைப்பற்றிய கல்வியும். 1913-இல் வைத்தியப் பட்டம் கையில் வந்தபோது வயது முப்பத்தெட்டு.

இந்தக் கல்வியில் அவர் தனித்திருக்கவில்லை. சரித்திராசிரியர் ஹாரி ப்ரெஸ்லாவின் புதல்வியாராகிய ஹெலேனே, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் அநாதைக் குழந்தைகளைக் கண்காணிக்கும் உத்தியோகம் வகித்தவர். அதனை விட்டுத் தாதித் தொழிலைப் பயின்றார். 1912-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி இருவர்க்கும் விவாகம் நடந்தது. ஷ்வைட்ஸரின் சரிதங்கள் இவ்வம்மையாரை இரண்டொரு வரிகளிற் கூறி அப்பாற் செல்வது நீதியன்று என்பது நம் கருத்து.

இனி, மிஷன் சங்கத்தாருக்கு ஒரு சங்கடம். வைத்தியர் தேவை; ஆனால் இவருடைய வேதசாஸ்திரக் கொள்கைகள் அவர்க்குப் பிடித்தமில்லை. தாம் வைத்தியராக மட்டுமே வருவதாகவும், பிரசங்கம் செய்யாது மீனைப்போல வாய்மூடியிருப்பதாகவும் அவர் வாக்களித்தார். சங்கத்தாரின் பணத்தையும் அவர் கேட்கவில்லை. நண்பர் வீடுகளில் ஏறியிறங்கித் திரட்டிய நன்கொடையும், கச்சேரி வரும்படியும், பாஹ் நூலின் வருவாயுமே மூலதனம். யுத்தம் மூளக்கூடும் என்றெண்ணி 2,000 மார்க்கைக் காகித நோட்டாக வையாமல் பொன்னாகவே எடுத்துச் சென்றார் என்பதிலிருந்து அவருடைய உலகியலறிவு புலப்படும். ஆப்பிரிக்காவுக்கு வந்தபின், பிரசங்கம் செய்யலாகாது என்ற தடையை அங்கிருந்த மிஷனெரிமாரே நீக்கிவிட்டனர்.

1913-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் தேதி போர்தோ துறையிற் கப்பலேறிய தம்பதிகள், ஏப்ரல் 16-ஆம் தேதி லம்பரேனேயை அடைந்தனர். பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஒகோவே என்னும் பேராற்றின் கரையில், நீருக்கும் காட்டுக்கும் இடையே அமைந்தது அவ்வூர். மருந்தும் கருவியும் எழுபது பெட்டிகளில் வந்தன. பாரிஸ் பாஹ் சங்கத்தார் அளித்த, ஆர்கனைப்போல் மிதிகட்டைகள் பொருத்திய பியானோ ஒன்றும், கறையான் அரியாதபடி துத்தநாகத் தகடு பொதிந்த பெட்டியில் வந்தது. ஆஸ்பத்திரிதான் இல்லை. நோயாளிகளோ அவர் வந்த செய்தி கேட்டதும் ஓடங்களில் வந்து குவிந்தனர். சில நாள் வெயிலில் நின்று வைத்தியம் செய்தபின், பழைய கோழிக்கொட்டகை ஒன்றைச் சுத்தஞ்செய்து சுண்ணாம்படித்து அதையே வைத்தியசாலையாக்கினார். முதல் ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வந்தனர். மலேரியா, சீதபேதி, தூக்க வியாதி, தொழுநோய், யானைக்கால், ஆறாப் புண், சொறி சிரங்கு என வியாதிகள் பல.

வந்தவர் பேசிய மொழிகள் வைத்தியர்க்குத் தெரியா. இங்கேதான் ஜோசப் அஸோவானி நம் கதையில் வருகிறார். இவர் சமையல் தொழில் செய்தவர், நோயாளியாகவே வந்தவர், பிரெஞ்சும் ஆங்கிலமும் பிரதேச மொழிகள் பலவும் அறிந்தவர். துபாஷியாகவும் வைத்திய உதவியாளராகவும் அமர்ந்த அவர், உடலுறுப்புக்களைச் சமையற்கட்டின் பெயர்களாலேயே குறிப்பிடுவார். ஆட்டுத்தொடையில் வலி என்பார். விலாக்கறியில் நோவு என்பார். அவர் சொல்லிய ஒரு யோசனை நம் சிந்தனைக்குரியது. பிழைக்கமாட்டாரென்று கண்ட நோயாளரை ஏற்காது திருப்பியனுப்பிவிடல் வேண்டும். நாட்டு மருத்துவர் அப்படித்தான் தம் பெயரைக் காத்துக்கொள்கின்றனர் என்று ஜோசப் எடுத்துரைத்தார். பெயர் கெட்டால் பிழைக்கக்கூடியவரும் வரமாட்டார் என்பதில் நியாயமில்லாமலில்லை. ஷ்வைட்ஸர் சாகக்கிடப்போரையும் ஏற்றார். சில வேளைகளில் ஜோசப்பின் சொல் சரியென்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

வைத்தியசாலைச் சட்டங்கள் நாள்தோறும் காலையில் உரக்கப் படிக்கப்பட்டன. வீட்டருகே எச்சிலுமிழலாகாது; சத்தமிடலாகாது; அன்றைய உணவைக் கையோடு கொண்டுவரல் வேண்டும்; மருந்துப் புட்டிகளைத் திருப்பித் தரல் வேண்டும். இக்கடைசி விதி அற்பமாகத் தோன்றலாம். ஆயின் அந்த ஈரக்காற்றில் காகிதப் பொட்டலத்தில் மருந்து நில்லாது, புட்டியோ கிடைத்தற்கரியது. ஒவ்வொரு நோயாளிக்கும் எண் எழுதிய அட்டை ஒன்றை நாரிற் கோத்துக் கழுத்தில் அணிவித்தனர். அந்த எண்ணைக் கொண்டு புத்தகத்தைப் புரட்டினால் அவருடைய நோய்ச் சரிதம் முழுதும் கிடைக்கும்.

1913-ஆம் ஆண்டு இறுதியில் நெளிந்த இரும்புத் தகட்டால் ஒரு சிறு கட்டிடம் எழுந்தது. அதிலே நடந்த சிகிச்சைகளுள் குடலிறக்கச் சிகிச்சையே முக்கியமானது. இறங்கிய குடல் நெரிபட்டு அடைத்துக்கொண்டால் சில நாள் தாங்கொணா வேதனை, பின் மரணம். சத்திர வைத்தியம் ஒன்றே மருந்து. அலறிக்கொண்டு ஓடத்தில் வந்திறங்கும் நோயாளியின் நெற்றியில் வைத்தியர் கைவைத்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் உறங்குவாய், விழிக்கும்போது நோவு இராது என ஆறுதல் சொல்வார். ஹெலேனே அம்மையார் கருவிகளைச் சித்தஞ்செய்து மயக்கமருந்து கொடுப்பார். ஜோசப் ரப்பர்க் கையுறை அணிந்து துணைநிற்பார். இரவில், மங்கலான அறையில், விழித்தெழும் நோயாளி நோவில்லை என்று வியந்து, வைத்தியரின் கையைத் தேடிப் பற்றிக்கொண்டு விடமாட்டார். மயக்கமருந்தை அறியாத அம்மக்கள், இந்த வைத்தியர் முதலில் நோயாளியைக் கொன்று, பின் குணப்படுத்தி, அப்புறம் உயிர்ப்பிக்கிறார் என்று பேசிக்கொண்டனராம்.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. பிரெஞ்சு நாட்டு ஆட்சியில் வாழும் ஜெர்மானியப் பிரஜைகள் என்ற காரணத்தால் இருவரும் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். நோயாளிகள் வாசலில் நிற்க, வைத்தியர் உள்ளே சிறையிருந்தார். பாரிஸிலிருந்து விடோர் முயன்றதன் பயனாக நவம்பர் இறுதியில் வைத்தியம் செய்ய அனுமதி கிடைத்தது. ஐரோப்பியர் தம்முள் கொன்று மாள்வதைக் கேட்ட முதிய ஆப்பிரிக்கர் ஒருவர், இத்தனை பேர்க்கும் இரத்தப் பழிக்கு ஈடாக எப்படிப் பணங்கொடுத்துத் தீர்க்கப்போகிறார்கள் என வினவினாராம். கொல்லப்பட்டோர்க்கெல்லாம் இருபக்கமும் ஈடு செலுத்துவது அவருடைய குலமரபு. நாகரிகத்தின் வீழ்ச்சியைப்பற்றி அப்போது நூல் எழுதிக்கொண்டிருந்தவர்க்கு இவ்வினா எவ்வாறு பட்டிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1915-ஆம் ஆண்டு செப்டம்பரில், நோயுற்ற ஒரு மிஷனெரியின் மனைவியாரைக் காண ஆற்றில் மெல்லச் சென்ற படகிலிருந்து, அந்திப்பொழுதில் நீர்யானைக் கூட்டத்தினூடே போகும்போது, உயிர்க்கு வணக்கம் என்னும் கருத்து அவருள் உருப்பெற்றது. அதுவே அவருடைய தத்துவத்தின் மையமாயிற்று.

பணமும் சுருங்கிற்று. ஜோசப்பின் சம்பளத்தை எழுபது பிராங்கிலிருந்து முப்பத்தைந்தாகக் குறைக்க நேர்ந்தது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இதனை நன்றியின்மை என்று கூறுவோர் உளர். வைத்தியர் விரும்பி வந்தவர். ஜோசப் கூலிக்கு உழைத்தவர். பாதிச் சம்பளத்தில் வாழ மறுத்தவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பின்னாளில் அவர் மீண்டும் வந்து சேர்ந்தார்.

1917-இல் தம்பதிகள் யுத்தக் கைதிகளாகப் பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டனர். காவல் முகாமில் மேசைப்பலகையை ஆர்கன் கட்டைகளாகவும் தரையை மிதிகட்டைகளாகவும் பாவித்து ஓசையில்லாமற் சாதகம் செய்தார். 1918-ஆம் ஆண்டு ஜூலையில் விடுதலையாகும்போது உடல் நலிந்திருந்தது. மிஷன் சங்கத்துக்கும் நண்பர்க்கும் பட்ட கடன் தலைக்குமேல் இருந்தது. 1920-இல் அத்தியட்சர் ஸோடெர்ப்ளோம் அழைப்பின்பேரில் சுவீடன் தேசம் சென்று, சொற்பொழிவாலும் கச்சேரியாலும் கடனடைக்கும் வழிகண்டார்.

நம் கருத்தில், அவருடைய வாழ்வில் முதற்பயணத்தைவிட இரண்டாவது பயணமே அரியது. முதன்முறை செல்வோர்க்கு ஆர்வம் துணை. 1924-இல் மறுமுறை சென்றவருக்கோ அங்குள்ள வெயிலும் வியாதியும் நன்கு தெரியும். க்ஷயத்தால் நலிந்த மனைவியாரையும் ஐந்து வயதுப் பெண்குழந்தை ரேனாவையும் விட்டுச் சென்றார். ஏழாண்டில் கூரை இற்று, நடைபாதைகளைக் காடு விழுங்கியிருந்தது. காலையில் வைத்தியராகவும் பிற்பகலில் கூரைவேய்வோராகவும் அவர் இருந்தார்.

இம்முறை துணைக்கு ஆட்கள் வந்தனர். மாதில்டே கோட்மான், எம்மா ஹவுஸ்க்னெக்ட் என்னும் பெண்மணிகளும், விக்டர் நெஸ்மான், மார்க் லவுட்டர்பர்க் என்னும் இளம் வைத்தியர்களும் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். கோட்மான் அம்மையார் பல்லாண்டு அங்கே உழைத்தார். நெஸ்மான் சிலகாலம் பணிபுரிந்து தாய்நாடு திரும்பியவர்; இரண்டாம் யுத்தத்தில் பிரான்ஸை ஆக்கிரமித்த ஜெர்மானியரை எதிர்த்து மறைவாக வேலைசெய்து, பிடிபட்டு, 1944-ஆம் ஆண்டு ஜனவரியில் லிமோஜ் நகரில் சித்திரவதையால் மாண்டார். அவர் பெயரைக் கேள்வியுற்றோர் சிலரே.

1925-இல் பஞ்சமும் சீதபேதியும் ஒருங்கே வந்தன. ஆண்மக்கள் மரம்வெட்டும் கூலிக்குப் போய்விட, பயிரிடுவார் இல்லை. சீதபேதிக்காரரைப் பிரித்துவைக்க இடமும் இல்லை. ஆகவே ஆற்றில் 3 கிலோமீட்டர் மேலே காட்டை வெட்டிப் புதிய ஆஸ்பத்திரி கட்டத் துணிந்தார். வெள்ளத்துக்குத் தப்ப, நெருப்பிற் கருக்கிய கடின மரத்தூண்களின்மேல் கட்டிடங்களை எழுப்பினார். வைத்தியத்தை இளைஞரிடம் விட்டுவிட்டுத் தாம் மேஸ்திரியானார். 1927-ஆம் ஆண்டு ஜனவரியில் நோயாளிகள் குடிபெயர்ந்தனர். அது ஐரோப்பிய ஆஸ்பத்திரி போன்றதன்று, ஒரு கிராமமே. நோயாளியுடன் வந்த சுற்றத்தார் அங்கேயே அடுப்புமூட்டி வாழைக்காயும் மரவள்ளியும் சமைத்துக் கொடுப்பர். அந்நியர் சமைத்ததை உண்ண அஞ்சிய மக்களுக்கு இவ்வேற்பாடு பொருந்திற்று.

பிற்காலப் புகழை விரித்தல் வேண்டா. இந்திய தத்துவத்தைப்பற்றி 1935-இல் வெளிவந்த அவர் நூலில், உலகத்தை மறுக்காது அன்பை அறமாகக் கொண்ட நூலென்று நம் திருக்குறளைத் தனித்தெடுத்துப் போற்றியது தமிழர் அறிந்ததே. 1952-ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் செலவிட்டார். 1957-இல் ஆஸ்லோ வானொலி வாயிலாக அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டித்தார். அவ்வாண்டிலேயே ஹெலேனே அம்மையார் காலமானார்.

அவர்மேற் சாட்டப்பட்ட குறைகளையும் மறைத்தல் முறையன்று. வெள்ளையர் செய்த கொடுமைக்குப் பிராயச்சித்தமாகவே, கடனாகவே, தம் பணியை அவர் கருதினார். ஆயினும் ஆப்பிரிக்கர் தமக்குத் தம்பியர், தாம் அவர்க்குத் தமையன் என்ற எண்ணம் அவரிடம் ஊன்றியிருந்தது. அத்தனை ஆண்டு வாழ்ந்தும் அந்நாட்டு மொழிகளை அவர் கற்கவில்லை. புதிய வசதிகளை ஏற்கத் தயங்கினார். யாவற்றினும் பெரிய குறை, முப்பது வயதுக்குமேல் அரும்பாடுபட்டுத் தாம் கற்ற தொழிலை அந்நாட்டு இளைஞர்க்குக் கற்பித்து, வைத்தியராகவும் தாதியராகவும் அவர்களை ஆக்க முயலாதது. 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி காபோன் சுதந்திரம் பெற்றபோதும் ஆஸ்பத்திரியின் வைத்தியரும் தலைமைத் தாதியரும் ஐரோப்பாவிலிருந்தே வந்துகொண்டிருந்தனர். கண்டித்த எழுத்தாளருள் நைஜீரியா நாட்டுச் சினுவா அச்செபெயும் ஒருவர். காலத்தின் குற்றம் என்று சொல்லித் தப்ப இயலாது; ஜோசப்பின் கைகளிற் கையுறை அணிவித்துச் சத்திர வைத்தியத்துக்குத் துணைநிறுத்தியவர்க்கு, அக்கைகள் எவ்வளவு கற்கும் என்பது தெரிந்தே இருந்தது.

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில், லம்பரேனேயிலேயே அவர் உயிர் நீத்தார். ஆற்றங்கரையில் மனைவியாரின் அஸ்தி வைத்த இடத்தருகே அடக்கஞ் செய்தனர். 1981-இல் பழைய ஆஸ்பத்திரிக்கு அருகே புதிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பழைய கட்டிடங்கள் காட்சிசாலையாயின. அதே ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சிசாலையில் மலேரியாவைப்பற்றிய ஆராய்ச்சி நடைபெற்றது. ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே அதனைத் தலைமைதாங்கி நடத்தும் நிலையும் பின்னர் வந்தது. 2009 முதல் 2014 வரை ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் பதினோரிடங்களிற் குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி போட்டுச் சோதித்தபோது, அவ்விடங்களுள் லம்பரேனேயும் ஒன்று. அத்தடுப்பூசியை 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கென ஏற்றுப் பரிந்துரைத்தது.